பழைய சிடிக்குள் இருந்த படம்: வீட்டுக் கணினிக்குள் இன்னொரு கணினி

அந்த அம்மாவை எனக்கு 2017இலிருந்து தெரியும். அந்த வருடம் பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்பாக, காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் தொடர் போராட்டத்தைத் தொடங்கியபோது செய்தி எடுக்கப் போயிருந்தேன். கொட்டிலின் ஓரமாக இருந்தவர் என்னைக் கூப்பிட்டு, "பிள்ளை, சாப்பிட்டியே?" என்று கேட்டார். அன்று தொடங்கிய பழக்கம்.

சில மாதங்களுக்கு முன்னர் ஒரு சொப்பிங் பையோடு வீட்டுக்கு வந்தார். பைக்குள் பைக்குள் பை. கடைசிப் பைக்குள் ஒரு சிடி.

"இதுக்குள்ளை அவன்ரை படம் இருக்குப் பிள்ளை. வவுனியாவிலை அச்சுக்கடைப் பெடியன் அடிச்சுத் தந்தவன். நாலஞ்சு இடத்திலை குடுத்துப் பாத்திட்டன், திறக்கேலாது எண்டினம். நீ கொம்பியூட்டரோடைதானே கிடக்கிறாய், ஒருக்காப் பார்."

கதை இதுதான். மகனின் ஸ்ரூடியோப் படம் ஒன்றே ஒன்றுதான் அவரிடம் இருந்தது. 2010இல் முகாமிலிருந்து வெளியே வந்ததும் வவுனியாவிலுள்ள ஓர் அச்சுக்கடையில் அந்தப் படத்தை வைத்துத் துண்டுப்பிரசுரம் அடித்தார். மூலப் படத்தை முறைப்பாட்டுப் படிவத்தில் குத்தி ஓர் அலுவலகத்தில் கொடுத்தார். அது திரும்பி வரவில்லை. மிஞ்சியிருந்த துண்டுப்பிரசுரங்கள் 2018 டிசம்பர் வெள்ளத்தில் கூழாகிவிட்டன. அச்சுக்கடை எப்போதோ மூடப்பட்டுவிட்டது. சிடி மட்டும் மிச்சம்.

இந்தச் சிடியைத் திறப்பதற்காகத்தான் நான் மெய்நிகர் இயந்திரம் என்ற விடயத்துக்குள் ஒழுங்காக இறங்கினேன். எங்கள் ஆட்களின் வீடுகளில் இப்படிப்பட்ட சிடிகளும் பழைய வன்தட்டுகளும் நிறைய இருப்பதால் நான் செய்ததை, பிழைவிட்ட இடங்களோடு சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் சிடி. வீட்டில் அடித்த சிடிகள் நிரந்தரமானவை அல்ல. அவற்றில் தரவு பதிவாவது ஒரு சாயப் படலத்தில். வெயில், வெக்கை, ஈரப்பதன் எல்லாம் அதை மெல்ல மெல்லக் கெடுக்கும். ஆகவே சிடியை வைத்துத் திரும்பத் திரும்ப முயற்சி செய்யக்கூடாது. முதல் தடவையிலேயே முழுச் சிடியையும் ஒரே கோப்பாகப் பிரதி எடுத்துவிட வேண்டும். இதை ஐஎஸ்ஓ கோப்பு என்பார்கள். இலவச மென்பொருட்கள் பல இதைச் செய்யும். என்னுடைய மடிக்கணினியில் சிடி போடும் இடமே இல்லை. நண்பர் ஒருவரின் வெளி டிரைவை இரவல் வாங்கினேன். இரண்டாவது முயற்சியில் முழுதாக வந்தது. அதன் பிறகு அந்தச் சிடியை நான் தொடவில்லை.

உள்ளே இரண்டு வகைக் கோப்புகள் இருந்தன. ஒரு வகை வேர்ட் கோப்புகள், அம்மா பல இடங்களுக்கும் அனுப்பிய கடிதங்கள். மற்றது ஒரேயொரு பேஜ்மேக்கர் கோப்பு, அந்தத் துண்டுப்பிரசுரம்.

கடிதங்களைத் திறந்தால் திரை முழுவதும் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகள். இதைப் பார்த்துவிட்டுத்தான் கடைக்காரர்கள் 'கோப்பு பழுதாகிவிட்டது' என்று சொல்லியிருக்க வேண்டும். பழுது ஒன்றும் இல்லை. அது பாமினி. ஒருங்குறி பரவலாவதற்கு முன்னர் இலங்கையில் பெரும்பாலானோர் பாவித்த எழுத்துரு அது. பாமினியில் கணினியைப் பொறுத்தவரை நீங்கள் தட்டச்சு செய்வது ஆங்கில எழுத்துகளைத்தான். எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் வடிவத்தைப் போர்த்துகிறது, அவ்வளவே. எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று அடித்தால் 'அம்மா' என்று தெரியும். எழுத்துரு இல்லாத கணினியில் போர்வை விலகி, ஆங்கில எழுத்துகள் தெரிகின்றன. பாமினியை நிறுவியவுடன் கடிதங்கள் வாசிக்க வந்தன. இதற்கு மெய்நிகர் இயந்திரம் எதுவும் தேவையில்லை. உங்களிடம் இருப்பது இப்படியான வேர்ட் கோப்புகள் மட்டும் என்றால் இந்தப் பந்தியோடு உங்கள் வேலை முடிந்தது.

ஆனால் ஒரு எச்சரிக்கை. பாமினியை ஒருங்குறிக்கு மாற்றித் தரும் பக்கங்கள் இணையத்தில் பல உள்ளன. பெயர், முகவரி, எந்த இடத்தில் யார் கொண்டுபோனது என்றெல்லாம் எழுதிய முறைப்பாட்டுக் கடிதத்தை, யார் நடத்துவது என்றே தெரியாத பக்கத்தில் கொண்டுபோய் ஒட்டாதீர்கள். என்எச்எம் கன்வேட்டர் போல, கணினியில் நிறுவி இணையம் இல்லாமலே பாவிக்கக்கூடிய மாற்றிகள் இருக்கின்றன.

பேஜ்மேக்கர் கோப்புதான் சிக்கல். எங்கள் பத்திரிகைகளும் அச்சுக்கடைகளும் பல வருடங்கள் அதில்தான் ஓடின. நான் ஊடகக் கற்கை படித்த காலத்தில் பயிற்சிக்குப் போன இடத்திலும் பக்கம் கட்டியது பேஜ்மேக்கரில்தான். அடோபி நிறுவனம் 2001இல் வெளியிட்ட 7ஆம் பதிப்போடு அதை நிறுத்திவிட்டது. அதன் இடத்துக்கு வந்த இன்டிசைன், சிஎஸ்6 பதிப்பு வரைக்கும் பேஜ்மேக்கர் கோப்புகளைத் திறந்தது. அதற்குப் பிறகு அதுவும் இல்லை. இலவசமான லிப்ரே ஒபிஸ் ஓரளவுக்குத் திறக்கும். என்னுடைய கோப்பில் எழுத்துகள் வந்தன, படம் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. எனக்குத் தேவைப்பட்டதே அந்த இடம்தான்.

ஆகவே 2010இல் அந்தப் பெடியன் பாவித்தது போன்ற ஒரு கணினி வேண்டும்: விண்டோஸ் எக்ஸ்பி, பேஜ்மேக்கர், பாமினி. அதைத் தேடி அலைவதிலும் பார்க்க, என்னிடம் இருக்கும் மடிக்கணினிக்குள்ளேயே ஒன்றை உருவாக்கலாம்.

மெய்நிகர் இயந்திரம் என்பது ஒரே வளவுக்குள் கட்டிய இரண்டாவது வீடு மாதிரி. கிணறும் மின்சாரமும் பெரிய வீட்டினுடையவை. ஆனால் வாசல் வேறு, பூட்டு வேறு. உங்கள் கணினியின் நினைவகத்திலும் வன்தட்டிலும் ஒரு பங்கை எடுத்து, இல்லாத ஒரு கணினியை மென்பொருள் பாவனை செய்கிறது. உள்ளே நிறுவப்படும் விண்டோசுக்கோ லினக்சுக்கோ தான் இருப்பது ஓர் உண்மையான கணினியில் அல்ல என்று தெரியாது. அது 'வன்தட்டு' என்று நினைத்து எழுதுவதெல்லாம் உங்கள் கணினியில் ஒரு பெரிய கோப்பாக இருக்கும். அந்தக் கோப்பைப் பிரதி எடுத்தால் முழுக் கணினியையும் பிரதி எடுத்த மாதிரி.

யோசனை புதிதல்ல. ஐபிஎம் 1960களில் இதில் வேலை செய்யத் தொடங்கி, 1972இல் விஎம்/370 என்ற பெயரில் தன் பெரிய இயந்திரங்களுக்கு வெளியிட்டது. ஒரு கணினி ஒரு மண்டபத்தை நிரப்பிய காலத்தில், அதைப் பலர் பங்குபோட வேண்டியிருந்தது. சாதாரணக் கணினிகளுக்கு இதைக் கொண்டுவந்தது 1999இல் வந்த விஎம்வெயார். இன்ரெல் 2005இலும் ஏஎம்டி 2006இலும் இதற்கான வசதியைச் சிப்பிலேயே வைக்கத் தொடங்கின. அதனால் இன்று வீடுகளில் இருக்கும் கணினிகளில் பெரும்பாலானவை இதைச் செய்யக்கூடியவை.

நான் பாவித்தது வேர்ச்சுவல்பொக்ஸ். அடிப்படைப் பொதி இலவசம், திறந்த மூலம். விஎம்வெயார் வேர்க்ஸ்ரேசனும் 2024 நவம்பரிலிருந்து எல்லோருக்கும் இலவசம். விண்டோஸ் புரோ பதிப்பு வைத்திருப்பவர்களுக்கு ஹைப்பர்-வி உள்ளேயே வருகிறது, ஹோம் பதிப்பில் இல்லை. பழைய எக்ஸ்பியை ஓட்டுவதற்கு வேர்ச்சுவல்பொக்ஸ்தான் சுகம் என்பது என் அபிப்பிராயம். புலம்பெயர் உறவுகளுக்கு ஒரு வரி: எம் வரிசைச் சிப் உள்ள அப்பிள் மக்கில் பழைய விண்டோசை இப்படி நேரடியாக ஓட்ட முடியாது. ஊரில் யாரிடமாவது பழைய மடிக்கணினி இருந்தால் அதில் செய்வது லேசு.

தொடங்க முன்னர் பார்க்க வேண்டியது ஒன்று. விண்டோஸ் 10 அல்லது 11இல் ராஸ்க் மனேஜரைத் திறந்து, 'பெர்ஃபோமன்ஸ்' பக்கத்தில் சிபியுவை அழுத்தினால் கீழே 'வேர்ச்சுவலைசேசன்' என்று இருக்கும். 'எனேபிள்ட்' என்றிருந்தால் சரி. 'டிசேபிள்ட்' என்றிருந்தால் கணினியை அணைத்துத் திரும்பப் போடும்போது பயோசுக்குள் போய் அதை இயக்க வேண்டும். கணினியின் மாதிரியைப் பொறுத்து எஃப்2, எஃப்10 அல்லது டிலீற் விசை. இன்ரெல் சிப் என்றால் விடி-எக்ஸ் என்றும், ஏஎம்டி என்றால் எஸ்விஎம் என்றும் பெயர் இருக்கும். எனக்கு முதல் நாள் முழுவதும் இதிலேயே போனது. மென்பொருளை மூன்று தரம் அழித்து நிறுவினேன். பிழை மென்பொருளில் இல்லை, பயோசில் ஒரு வரியில் இருந்தது.

மற்றது நினைவகம். இரண்டு கணினிகள் ஒரே நேரத்தில் ஓடுகின்றன என்பதை மறக்கக்கூடாது. 8 ஜிபி உள்ள கணினியில் உள்ளே இருப்பதற்கு 4 ஜிபிக்கு மேல் கொடுத்தால் இரண்டும் இழுபடும். எக்ஸ்பிக்கு அந்தக் கவலை இல்லை. அது 128 எம்பியோடு ஓடுவதற்கென்று 2001இல் வந்தது. நான் 512 எம்பி கொடுத்தேன், பறந்தது. வன்தட்டுக்கு 10 ஜிபி. அதுவும் 'டைனமிக்' என்று தெரிவு செய்தால் பாவிக்கப் பாவிக்கத்தான் இடத்தை எடுக்கும். இன்றைய லினக்ஸ் மின்ற் என்றால் குறைந்தது 2 ஜிபி நினைவகமும் 20 ஜிபிக்கு மேல் இடமும் வேண்டும். அதைத் தரவிறக்குவதற்கே கிட்டத்தட்ட 3 ஜிபி டேட்டா போகும். இரவு டேட்டாவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நிறுவும் வேலை சாதாரணமானது. 'நியூ' என்பதை அழுத்திப் பெயர் வைத்து, எந்த இயங்குதளம் என்று தெரிவு செய்து, நினைவகமும் இடமும் கொடுத்து, நிறுவும் சிடியின் ஐஎஸ்ஓ கோப்பை அதன் டிரைவில் 'போட்டால்' உண்மையான கணினியில் போலவே நிறுவல் தொடங்கும். எக்ஸ்பிக்கு உரிமச் சாவி வேண்டும். என்னிடம் பழைய சிபியு பெட்டியோடு வந்த சிடியும் சாவியும் இருந்தன. வாங்கி வைத்திருந்த பேஜ்மேக்கர் சிடியை அச்சக நண்பர் ஒருவர் தந்துதவினார். எக்ஸ்பியை இணையத்தில் தேடி எங்கேயாவது இறக்காதீர்கள். அப்படிக் கிடைப்பவற்றுக்குள் என்ன வைத்திருக்கிறார்கள் என்று சொல்ல முடியாது.

முதல் தரம் ஓட்டியபோது சுட்டி உள்ளே போய் மாட்டிக்கொண்டது. வெளியே எடுக்கத் தெரியாமல், கணினி இறுகிவிட்டது என்று நினைத்துப் பவர் பட்டனை அழுத்தி அணைத்துவிட்டேன். வலப்பக்க கொன்ட்ரோல் விசையை ஒருதரம் தட்டினால் சுட்டி வெளியே வரும். இதை யாராவது முன்னமே சொல்லியிருந்தால் எக்ஸ்பியை இரண்டாம் தரம் நிறுவியிருக்கத் தேவையில்லை.

உங்கள் சாளரத்தின் கீழ்மூலையில் சின்னப் பச்சை ஆமை ஒன்று தெரிந்தால், விண்டோசின் ஹைப்பர்-வி பின்னணியில் ஓடுகிறது என்று பொருள். வேலை நடக்கும், ஆமை மாதிரி நடக்கும். பகிடிக்கு வைத்திருக்கிறார்கள் போல.

இனி மிக முக்கியமான இடம்: வலையமைப்பு. எக்ஸ்பிக்கான பாதுகாப்பு மேம்படுத்தல்களை மைக்ரோசொஃப்ட் 2014 ஏப்ரல் 8உடன் நிறுத்திவிட்டது. அதை இணையத்தோடு இணைப்பது கதவில்லாத வீட்டில் படுப்பது போன்றது. அமைப்புகளில் 'நெற்வேர்க்' என்ற இடத்தில் 'நொற் அற்றாச்ட்' என்று மாற்றிவிட்டேன். சிடியிலிருந்து எடுத்த ஐஎஸ்ஓ கோப்பை மெய்நிகர் டிரைவில் போட்டேன். உள்ளே இருக்கும் எக்ஸ்பி அதை ஒரு சிடியாகவே பார்த்தது. வாசிக்க மட்டும்தான் முடியும், அழிக்க முடியாது.

பேஜ்மேக்கரைத் திறக்க முன்னர் எனக்குப் பயமாக இருந்தது. காரணம் இருக்கிறது. பேஜ்மேக்கரில் பெரிய படம் ஒன்றை வைக்கும்போது அது ஒரு கேள்வி கேட்கும்: இந்தப் படம் இவ்வளவு இடத்தை எடுக்கும், முழுப் பிரதியையும் கோப்புக்குள்ளேயே வைக்கவா? 'யேஸ்' என்றால் படம் கோப்புக்குள் வந்துவிடும். 'நோ' என்றால் மங்கலான மாதிரி ஒன்று மட்டும் உள்ளே இருக்கும், உண்மையான படம் அந்தக் கடைக் கணினியிலேயே தங்கிவிடும். பக்கம் கட்டுகிறவர்கள் கோப்பு பெருத்துவிடும் என்று 'நோ' கொடுப்பது வழமை. நானே எத்தனையோ தரம் கொடுத்திருக்கிறேன். 2010இல் வவுனியாவில் ஒரு கடையில், பெயர் தெரியாத ஒரு பெடியன் எதை அழுத்தினான் என்பதில்தான் எல்லாம் இருந்தது.

கோப்பு திறந்தது. மேலே பாமினியில் 'காணவில்லை'. கீழே படம். பெருப்பித்துப் பார்த்தேன். உடையவில்லை. கண், நெற்றியில் ஒரு சின்னத் தழும்பு, சேர்ட்டின் கோடுகள் எல்லாம் தெரிந்தன. பெடியன் 'யேஸ்' கொடுத்திருக்கிறான்.

படத்தைத் தெரிவு செய்து பிரதி எடுத்து, பெயின்ற்றில் ஒட்டிச் சேமித்தேன். வெளியே கொண்டுவர, வேர்ச்சுவல்பொக்சின் 'டிவைசஸ்' பட்டியலில் யுஎஸ்பியைத் தெரிவு செய்து வெறும் பென் டிரைவ் ஒன்றை உள்ளே கொடுத்தேன். அந்த நேரம் வெளிக்கணினிக்கு அந்தப் பென் டிரைவ் தெரியாது. வேலை முடிந்து விடுவித்தபின்தான் திரும்பி வரும்.

இதற்குள் நடந்த ஒரு மடைத்தனத்தையும் சொல்ல வேண்டும். மெய்நிகர் இயந்திரத்தில் 'ஸ்னாப்சொட்' என்று ஒரு வசதி இருக்கிறது. கணினி இப்போது இருக்கும் நிலையை அப்படியே பதிந்து வைத்து, பிறகு ஏதாவது பிழைத்தால் அந்த நிலைக்குத் திரும்பலாம். எல்லாம் நிறுவி முடிந்ததும் ஒன்று எடுத்து வைத்தேன், நல்லது. மாற்றியையும் உள்ளேயே நிறுவிக் கடிதங்களை ஒருங்குறிக்கு மாற்றி, பிழைகள் திருத்தி, இரண்டு மணித்தியாலம் வேலை செய்தேன். பிறகு ஏதோ ஒன்று குழம்ப, யோசிக்காமல் ஸ்னாப்சொட்டுக்குத் திரும்பினேன். திருத்திய கடிதங்கள் அத்தனையும் போய்விட்டன. ஸ்னாப்சொட் காலத்தைப் பின்னோக்கி இழுக்கிறது. அதற்குப் பின் செய்த நல்லது கெட்டது எல்லாம் போகும். அது காப்புப்பிரதியும் அல்ல: உங்கள் வன்தட்டு பழுதானால் ஸ்னாப்சொட்டும் சேர்ந்தே போகும். தேவையான கோப்பை அவ்வப்போது வெளியே எடுத்து வைக்க வேண்டும்.

இப்போது என்னிடம் இரண்டாவது மெய்நிகர் இயந்திரம் ஒன்றும் இருக்கிறது, லினக்ஸ் மின்ற். இது வேறு தேவைக்கு. எங்கள் தொழிலில் யார் யாரிடமிருந்தோ கோப்புகள் வரும். 'பெயர்ப் பட்டியல்', 'இரகசிய ஆவணம்' என்று தலைப்பிட்டு, அறிமுகமில்லாத மின்னஞ்சலில் வரும். கையில் பென் டிரைவாகவும் வரும். அவற்றை இனி நான் வெளிக்கணினியில் திறப்பதில்லை. இணையம் துண்டித்த அந்த இயந்திரத்தில் திறந்து பார்த்து, பிறகு ஸ்னாப்சொட்டுக்குத் திருப்பிவிடுவேன். முன்னர் என் காலை வாரிய அதே வசதி இங்கே கைகொடுக்கிறது. ஆனால் பகிர்ந்த கோப்புறை ஒன்றை இரண்டுக்கும் இடையே திறந்துவிட்டு இதைச் செய்தால் பிரயோசனம் இல்லை. கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வகை வைரஸ் அந்த வாசலால் வெளியே வந்து உங்கள் கோப்புகளையும் பூட்டும்.

இன்னொரு பாவனையும் உண்டு. 2025 ஒக்டோபர் 14உடன் விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு முடிந்துவிட்டது. 11 ஏறாத பழைய கணினி வைத்திருப்பவர்கள், லினக்சுக்கு மாற முன்னர் உள்ளே ஒன்றை நிறுவி, பிள்ளைகளோடு இரண்டு கிழமை பழகிப் பார்க்கலாம். பிடிக்காவிட்டால் அழித்துவிடலாம், வெளியே ஒன்றும் மாறாது.

மெய்நிகர் இயந்திரம் செய்யாதவற்றையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் எங்கள் பகுதியில் இதைப் பற்றித் தவறான நம்பிக்கை இருக்கிறது. உள்ளே இருந்து இணையத்துக்குப் போனால் யாருக்கும் தெரியாது என்று ஒரு தம்பி சொன்னார். அப்படி இல்லை. அதே இணைப்பு, அதே ஐபி முகவரி. கணினியையே யாராவது எடுத்துக்கொண்டு போனால் உள்ளே இருக்கும் இயந்திரமும் சேர்ந்துதான் போகும். அதற்குத் தேவை முழு வன்தட்டையும் மறைகுறியாக்கம் செய்வது. வெராகிரிப்ட் போன்ற இலவச மென்பொருட்கள் அதைச் செய்யும். கடவுச்சொல்லை மறந்தால் உங்களுக்கும் திறக்காது என்பதை விளங்கிக்கொண்டு செய்யுங்கள்.

முழு எக்ஸ்பி இயந்திரமும் இப்போது 5 ஜிபிக்குச் சற்று அதிகமான ஒரே கோப்பாக இருக்கிறது. அதைப் பென் டிரைவில் பிரதி எடுக்கப் போனபோது இடமில்லை என்றது. 32 ஜிபி பென் டிரைவ், வெறுமையாக இருந்தது. காரணம், அது ஃபற்32 முறையில் வடிவமைக்கப்பட்டிருந்தது. அந்த முறையில் 4 ஜிபிக்கு மேற்பட்ட தனிக் கோப்பு எதுவும் போகாது. எக்ஸ்ஃபற் முறையில் திரும்ப வடிவமைத்ததும் போனது. ஒரு பிரதி என்னிடம், ஒன்று நண்பரிடம். பேஜ்மேக்கர் கோப்போடு வேறு யாரும் வந்தால் திரும்பவும் முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை.

படத்தை ஸ்ரூடியோவில் கொடுத்து நான்கு பிரதிகள் எடுத்து, ஒன்றுக்குச் சட்டமும் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அம்மா கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சேலைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, கடிதங்களைப் பற்றிக் கேட்டார். 2011இல் அனுப்பிய ஒரு கடிதத்தில் முந்திய முறைப்பாட்டின் பதிவு இலக்கம் இருந்தது. புதிதாகக் கொடுக்க வேண்டிய படிவத்தில் அந்த இலக்கத்தைக் கேட்கிறார்களாம், அவரிடம் இருந்த துண்டு வெள்ளத்தோடு போய்விட்டதாம்.

"அதைப் பெரிசா எழுதித் தா பிள்ளை. கண்ணாடி இல்லாமல் வாசிக்கக் கூடிய மாதிரி."

ஒரு மட்டையில் மாக்கரால் எழுதிக் கொடுத்தேன். அதை மகனின் படத்துக்குப் பின்னால், சட்டத்துக்குள் செருகி வைத்தார்.